வீட்டுக்கு வந்த வைத்தியம்
நுரையீரல் நோயாளியை வீட்டில் வைத்தே கண்காணிப்பது ஆக்சிமீட்டரும் கைப்பேசியும் தந்த புதுமை என்று கருதுகிறோம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் வரலாறு அதை மறுக்கிறது. ஐசோநையாசிட், பாஸ் மருந்துகளை ஓராண்டு வீட்டிலேயே உட்கொண்ட ஏழை நோயாளிகள், சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தேறியதை 1959இல் வெளியான முடிவுகள் காட்டின.

அது மருந்தின் வெற்றிதானே என்று கேட்கலாம். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. வீட்டில் அதை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று கண்காணித்தவை, சொல்லாமல் வந்து பார்த்த சுகாதார ஊழியர்களின் வருகையும் சிறுநீர்ச் சோதனையும். காசநோய் குணமாகும், இன்று வீட்டில் கண்காணிக்கப்படும் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆயுள் முழுதும் தொடரும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் நோய் நீளும்போது கண்காணிக்கும் ஆளின் தேவையும் நீள்கிறது. ஆகவே கருவிக்கு ஒதுக்கும் பணத்தில், அது காட்டும் அளவைப் பார்த்து வீடு தேடி வரும் ஊழியருக்கும் பங்கு வேண்டும்.