மன்னிப்பும் காகிதமும்: படையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் பற்றி

மயிலாடுதுறை மணிக்கூண்டை எங்கள் ஊர்க்காரர்கள் வழி சொல்வதற்குத்தான் பயன்படுத்துகிறோம். 1943-ல் டுனீசியாவில் நேச நாடுகள் பெற்ற வெற்றியின் ஞாபகார்த்தமாக எழுந்தது அது. அந்தப் போர்முனையில் நான்காவது இந்திய டிவிஷன் நின்றது. பேரரசுக்காகச் சுட்டவனுக்கு ஊர் நடுவே மணி அடிக்கிறது. அதே பேரரசின் சீருடையில் இருந்துகொண்டு 'மாட்டேன்' என்றவனுக்கு என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் அடியில், பட்டா நகல்களுக்கும் குறுவைக் கணக்கு நோட்டுக்கும் கீழே, நாலாய் மடித்த ஒரு காகிதம். பெரியப்பாவுடையது. 'டிஸ்மிஸ்டு' என்ற சொல்லைத் தவிர அதில் மற்றதெல்லாம் மங்கிப்போயிருந்தது.

பெரியப்பா ராயல் இந்தியக் கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்தார். பம்பாயில் 'தல்வார்' தளம். 1946 பிப்ரவரி 18 அன்று சோற்றுக்கும் வசவுக்கும் எதிராக அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் கராச்சி, கல்கத்தா என்று பரவியது. சென்னையில் 'அடையாறு' தளமும் சேர்ந்துகொண்டது. 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், ஏறக்குறைய 20,000 மாலுமிகள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். பிப்ரவரி 23-ல் சரணடைந்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்று பட்டேல் தரப்பில் உறுதி சொல்லப்பட்டிருந்தது. தாங்கள் பிரிட்டனிடம் சரணடையவில்லை, இந்தியாவிடம்தான் சரணடைகிறோம் என்றது வேலைநிறுத்தக் குழு. பிறகு 476 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1947-க்குப் பின் இந்தியக் கடற்படையும் அவர்களை எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, தண்டனை என்பது ஒரே பொருள் அல்ல என்பதை. உடம்பின் மீதான தண்டனை ஒன்று, காகிதத்தின் மீதான தண்டனை இன்னொன்று. முந்தையதை விட்டுக்கொடுக்க அதிகாரம் எப்போதும் தயார். பிந்தையதை அது சுலபத்தில் விடாது. இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் செங்கோட்டை விசாரணை. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல், பதவி பறிப்பு, சம்பள பாக்கிப் பறிமுதல் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 ஜனவரி தொடக்கத்தில் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை மட்டும் ரத்து செய்தார். பதவி பறிப்பையும் சம்பளப் பறிமுதலையும் உறுதிப்படுத்தினார். நாடே கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் அந்தக் கருணையின் இலக்கணத்தைப் பாருங்கள்: உடம்பை வீட்டுக்கு அனுப்பு, காகிதத்தை வைத்துக்கொள். பெயர் தெரியாத ஐ.என்.ஏ. சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள், ஏதோ நெல்மண்டியில் ரகம் பிரிப்பது மாதிரி. கறுப்பில் விழுந்தவன் சம்பள பாக்கியை இழந்து டிஸ்மிஸ் ஆனான். ஷா நவாஸ் கான் பின்னாளில் மத்திய மந்திரியானார். கறுப்புச் சிப்பாய்கள் ஊருக்கு வந்து மறுபடி கலப்பை பிடித்தார்கள்.

பெரியப்பாவும் வந்தார். ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். சுதந்திரம் கிடைத்த புதிதில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், "ஒரு மன்னிப்பு மனு எழுதிப் போடுப்பா, நம்ம சர்க்கார்தானே, திரும்ப எடுத்துக்குவான்" என்றாராம். "நான் என்ன தப்பு பண்ணினேன், மன்னிச்சுக்கன்னு கேக்க?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது. பெரியம்மாவுக்குக் கடைசிவரை அந்த வருத்தம் இருந்தது: "ரோஷத்த வச்சு ஒல கொதிக்குமா?" இருவர் பக்கமும் நியாயம் இருந்ததாகவே இன்றும் எனக்குப் படுகிறது.

இதே கேள்வியைக் கடலுக்கு அப்பாலும் கேட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் போர்ட் சிகாகோ என்ற துறை. வெடிகுண்டு ஏற்றும் வேலை அங்கே கறுப்பின மாலுமிகளுக்கு மட்டும். 1944 ஜூலை 17 அன்று வெடித்து 320 பேர் செத்தார்கள். மறுபடி குண்டு ஏற்றச் சொன்னபோது மறுத்தவர்களில் 50 பேருக்குக் கலகக் குற்றம், 15 ஆண்டுச் சிறை, அவமானகரமான வெளியேற்றம். அங்கேயும் அநேகரை விடுவித்தது 1946 ஜனவரியில்தான். அங்கேயும் குற்றத் தீர்ப்பு நின்றது. 1999-ல் ஃபிரெடி மீக்ஸ் என்ற முதியவருக்கு கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். மற்றவர்கள் பலர் கேட்கவே மறுத்தார்கள், மன்னிப்பு குற்றவாளிக்கு உரியது என்று. 2024 ஜூலை 17 அன்று, சரியாக எண்பது வருஷம் கழித்து, அமெரிக்கக் கடற்படை 256 பேரையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அப்போது கேட்பதற்கு அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

நம்மிடம் நடந்தது வேறு விதம். இங்கே காகிதத்தைத் திருத்தவில்லை, பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வைத்தார்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் தியாகிகள் பென்ஷன் வந்தது. 1980-ல் அதை விரிவாக்கி சுதந்திரப் போராட்ட வீரர் சம்மான் திட்டமாக்கினார்கள். ஐ.என்.ஏ.வும் 1946 கடற்படைக் கிளர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட போராட்டங்களின் பட்டியலில் ஏறின. போராட்டத்தால் அரசு வேலை இழந்ததும் ஒரு தகுதி. ஆக, நாற்பது வருஷம் பெட்டியடியில் ஒளித்துவைத்த அவமானம் திடீரென்று ஆவணம் ஆயிற்று. 'டிஸ்மிஸ்டு' என்ற சொல் மங்காமல் இருந்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்! மனுவை நான்தான் எழுதினேன். ஓர் அலுவலகம் கூடச் சிறையிலிருந்தவரின் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. முலுந்த் முகாமில் தன்னோடு இருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட பெரியப்பாவுக்கு முழுசாக நினைவில்லை, பட்டப்பெயர்கள்தாம் இருந்தன. 1993-ல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், தாமதத்தைக் காரணம் காட்டித் தியாகி மனுவைத் தள்ளக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2001-ல் குர்தியால் சிங் வழக்கில், கிரிமினல் வழக்கைப் போல ஐயமற நிரூபிக்கச் சொல்லக்கூடாது என்றது. பெரியப்பா இரண்டுக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தேசம் என்ற பெருங்கதையாடலுக்குள் நுழைய முடிந்தவனின் நிலைமையே இது. நுழைய முடியாதவன்? குத்தாலம் பக்கத்துப் பையன் ஒருவன் 2019-ல் என்னிடம் வந்தான். அப்பா படுத்த படுக்கை, லீவு முடிந்து திரும்பவில்லை, சம்மரி கோர்ட் மார்ஷல், டிஸ்மிஸ். பத்து வருஷ சர்வீஸ். அவனுக்குச் சார்ந்துகொள்ள ஒரு 1946 இல்லை. சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் ஆபீசரே நீதிபதி. தண்டனையை மேலே ஒருவர் உறுதிப்படுத்த வேண்டியதில்லை, உடனே நிறைவேறும். ராணுவப் பென்ஷன் விதிகளின்படி டிஸ்மிஸ் ஆனவனுக்கு முந்தைய சர்வீஸுக்கும் பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. விதிவிலக்காக ஜனாதிபதி மனம் வைத்தால் உண்டு. அமெரிக்காவில் டிஸ்சார்ஜை மறுபரிசீலனை செய்ய 1944 முதல் தனி போர்டுகள் உண்டு (அங்கும் ஜெனரல் கோர்ட் மார்ஷல் தந்த வெளியேற்றத்தில் அவை கைவைக்காது). நம் சட்டத்தில் அப்படியொரு வாசல் இல்லை. 1950 ராணுவச் சட்டத்தின் 164-வது பிரிவில் மனு, 179-வது பிரிவில் மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும், அரசியல் சட்டம் 72-ல் ஜனாதிபதி, 2009 முதல் ராணுவத் தீர்ப்பாயம். கவர்னருக்கு எழுதிப் பயனில்லை. இதைத் தெரியாமல் எத்தனை பேர் கவர்னர் மாளிகைக்குத் தபால் செலவு செய்திருப்பார்களோ.

ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல்மேனின் வழக்கை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மேலதிகாரி மீது புகார் அனுப்பியதற்காகக் காவலில் இருந்தவர். சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று ஓராண்டுச் சிறையும் டிஸ்மிஸும். புகாருக்கு ஆளான அதிகாரியே விசாரணையில் அமர்ந்திருந்தார். 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து வேலையைத் திருப்பிக் கொடுத்தது. குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை மனசாட்சியை உறுத்துகிறது என்பது சாரம். 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நாலு சிவப்பு மைக் குறிப்பு விழுந்ததாலேயே ஒருவனை வெளியேற்றியாக வேண்டும் என்பதில்லை என்றது.

"அப்போ நான் மன்னிப்பு கேக்கணுமா, நியாயம் கேக்கணுமா சார்?" என்றான்.

சட்டம் இரண்டையும் ஒரே மனுவில் கேட்க விடுகிறது என்றேன். பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ராணுவச் சட்டத்தின் 23-வது பிரிவு, வெளியேற்றப்படுகிறவனுக்குக் காரணம் எழுதிய சான்றிதழைத் தாய்மொழியிலும் இங்கிலீஷிலும் தர வேண்டும் என்கிறது. அவன் கொண்டுவந்ததில் தமிழ் இல்லை. மனுவின் முதல் பத்தியில் அதைக் கேட்டோம். 'கருணை' என்ற சொல்லைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினோம். மயிலாடுதுறைத் தலைமைத் தபாலாபீசில் பதிவுத் தபாலில் சேர்த்தோம். பெற்றுக்கொண்டதற்கான அட்டை பதினோராம் நாள் வந்தது. அதை அவன் மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறான்.