வேலைக்குப் போகுமுன் ஊதச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் எப்படி வந்தது?

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஒரு போன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறான். அவன் பெயரும் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம்.

"சார், கேட்டுல ஊதச் சொன்னாங்க. மிஷின் கத்திடுச்சு. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. நான் தொடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

எனக்குத் தெரியும். அவன் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனாலேயே இவன் அந்தப் பக்கம் திரும்பாதவன். சளிக்காக ஹோமியோபதி சொட்டு மருந்தை நாக்கில் விட்டுக்கொண்டு நேராகக் கேட்டுக்கு வந்திருக்கிறான். அந்தச் சொட்டு மருந்து பெரும்பாலும் ஆல்கஹாலில்தான் கலந்திருக்கும். மூன்று நாள் அவனை வண்டி ஏறவிடவில்லை. டிரிப்புக்குத்தான் காசு, டிரிப் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. காசைக்கூட அவன் பெரிதாகச் சொல்லவில்லை. "எம் பையன்கிட்ட, 'உங்கப்பா ஊதி மாட்டிக்கிட்டாராமே'ன்னு கேட்டாங்களாம் சார்" என்றபோதுதான் குரல் உடைந்தது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். "இதெல்லாம் யாரு சார் கண்டுபிடிச்சது?" வகுப்பில் கேட்காத பிள்ளை இப்போது கேட்கிறான். பதில் சொல்லாமல் விடலாமா? படித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூச்சைச் சோதிக்கும் கருவி அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தது. 1930களில் ரோலா ஹார்கர் என்ற பேராசிரியர் பலூனில் ஊதவைத்துச் சோதித்தார். 1954இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியைச் செய்தார். அவர் காவல்துறையில் வேலை பார்த்தவர். குடித்தால் சாராயம் ரத்தத்தில் கலக்கும். ரத்தம் நுரையீரலுக்கு வரும்போது அதில் கொஞ்சம் மூச்சோடு வெளியேறும். 2100 மில்லி மூச்சில் இருக்கும் சாராயம் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று கணக்கு வைத்துக் கருவி எண்ணைக் காட்டுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இது சாலையில் போலீஸ் செய்வது. வேலை கொடுப்பவரே தொழிலாளியின் உடம்பைச் சோதிப்பது வேறு கதை. அது போர்க்களத்தில் தொடங்கியது.

1971இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயின் பழகிவிட்டார்கள். அப்படியே ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அதிபர் நிக்சனின் அரசு பயந்தது. சிறுநீர் கொடுத்துத் தேறினால்தான் விமானம் ஏறலாம் என்று அந்த ஆண்டு உத்தரவானது. ஆயிரக்கணக்கானோரின் சிறுநீரை வேகமாகச் சோதிக்க வேதியியல் முறைகள் வந்தன. அதில் பெரிதாக ஓடிய ஒரு முறையைச் செய்த நிறுவனத்தின் பெயர் சைவா. நம் சைவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

அடுத்தது 1981 மே 26. நிமிட்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கிய விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிலர் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விபத்துக்குக் கஞ்சாதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு கடற்படை முழுக்கச் சோதனை கடுமையானது.

1986இல் அதிபர் ரீகன் முதலில் தானே சிறுநீர் கொடுத்துக் காட்டினார். செப்டம்பர் 15ஆம் தேதி, முக்கியப் பொறுப்பில் உள்ள மத்திய அரசு ஊழியர்களைச் சோதிக்க உத்தரவு போட்டார். நான்கு மாதம் ஆவதற்குள், 1987 ஜனவரி 4ஆம் தேதி, மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில் ஒரு பெரிய ரயில் விபத்து. சரக்கு ரயில் எஞ்சின்கள் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் பயணிகள் ரயிலின் பாதையில் வந்துவிட்டன. 16 பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எஞ்சினில் ஓட்டுநரை எச்சரிக்கும் விசில் ஒன்று உண்டு. அது சத்தம் கேட்காதபடி டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது. சிக்னலைத் தாண்டினால் தானாக நிறுத்தும் கருவியும் அதில் இல்லை. ஆக மனிதனிலும் பிழை, இயந்திரத்திலும் பிழை. அந்தப் பாதையில் தானியங்கிக் கருவி பிறகு கட்டாயமானது. ஆனால் நாடு முழுக்கப் பரவியது மனிதனைச் சோதிக்கும் பழக்கம்தான்.

1988இல் போதையில்லாப் பணியிடச் சட்டம் வந்தது. 1989 மார்ச் 21ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு வழக்கில் சோதனை செல்லும் என்றது. ஒன்று ரயில் தொழிலாளர் வழக்கு. மற்றொன்று சுங்கத்துறை ஊழியர் வழக்கு. அதில் நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். 1991 ஆகஸ்ட் 28ஆம் தேதி குடித்த ஓட்டுநர் நியூயார்க் சுரங்க ரயிலைத் தடம்புரளவிட்டு ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டே மாதத்தில் லாரி, பேருந்து, ரயில், விமானம் எல்லாவற்றிலும் சோதனை சட்டமாகிவிட்டது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். தனியார் முதலாளிகள் அதற்கு மேலே போனார்கள். கடையில் சாமான் அடுக்குகிறவரும் குப்பியில் சிறுநீர் கொடுத்தால்தான் வேலை என்றாயிற்று. ஆய்வகங்கள் பெருந்தொழிலாயின. இன்னொரு பக்கம், ஏமாற்றுவதற்காகச் செயற்கைச் சிறுநீர் விற்கும் வியாபாரமும் வளர்ந்தது. பூட்டு செய்கிறவன் ஒரு பக்கம், கள்ளச்சாவி செய்கிறவன் ஒரு பக்கம், இருவருக்கும் காசு.

சோதனையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. குவெஸ்ட் என்ற பெரிய ஆய்வகத்தின் கணக்குப்படி 1988இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் மாட்டினார்கள். 2010 வாக்கில் அது மூன்றரையாகக் குறைந்தது. ஆனால் சிறுநீர் நேற்றைக் காட்டும், இன்றைக் காட்டாது. நாள்தோறும் கஞ்சா புகைத்தவர் நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் தடயம் இருக்கும். கொக்கெய்ன் இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதனால் போன மாதம் புகைத்தவர் மாட்டலாம், அதைவிடக் கொடியதைப் போன வாரம் எடுத்தவர் தப்பலாம். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இப்போது பெரும்பாலான வேலைகளில் பழைய கஞ்சாத் தடயத்தை வைத்து ஆளைத் தள்ளக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன. ஓட்டுநர், விமானி போன்ற வேலைகளுக்கு மட்டும் விலக்கில்லை.

இதில் நம் அடுப்படியும் மாட்டிக்கொண்டது. குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அது அபின் செடியின் விதை. அதைத் தூவிய ரொட்டியைத் தின்ற அமெரிக்கர்கள் அபின் எடுத்ததாக மாட்டினார்கள். 1998இல் சோதனையின் எல்லையை 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்த வேண்டியதாயிற்று. அதுவரை வேலை போனவர்களுக்கு யார் பதில் சொல்வது? வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளே, அம்மா பாசமாகக் கட்டிக் கொடுத்தாலும் பெட்டியில் கசகசா வேண்டாம். ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள்.

நம் நாட்டுக்கு வருவோம். விமானிகளையும் விமானக் கட்டுப்பாட்டாளர்களையும் திடீரென்று தேர்ந்தெடுத்துப் போதைப்பொருள் சோதனை செய்யும் விதி 2022 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ளது. ரயில் ஓட்டுநர்கள் பணி ஏறும்போது ஊத வேண்டும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் ஒரு உத்தரவு போட்டது. பணிக்கு வருமுன் ஹோமியோபதி மருந்து, இருமல் மருந்து, குளிர்பானம், சில பழங்கள், இளநீர்கூட வேண்டாம் என்றது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்து பணிமனையில் நடந்தது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. குடிக்காத ஓட்டுநர்கள் ஊதினால் கருவி 'குடித்திருக்கிறார்' என்றது. எல்லோரும் அன்று காலை பலாப்பழம் தின்றிருந்தார்கள். உடனே ஒருவரை ஊதவைத்தார்கள், பூஜ்யம். அவருக்கே பலாச்சுளை கொடுத்து மறுபடி ஊதவைத்தார்கள், கருவி கத்தியது! நன்றாகப் பழுத்த பலாவில் சர்க்கரை புளித்துக் கொஞ்சம் சாராயமாகியிருக்கும். அது வாயில் தங்கிக் கருவியை ஏமாற்றுகிறது. பண்ருட்டிப் பலா தின்கிற நமக்கும் இது பொருந்தும். வாயில் தங்கியது பதினைந்து, இருபது நிமிடத்தில் போய்விடும். உண்மையில் குடித்தவருக்கு அத்தனை சீக்கிரம் போகாது. ஆகவே வாய் கொப்பளித்து, இருபது நிமிடம் உட்காரவைத்து, இன்னொரு முறை ஊதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். என் மாணவனுக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்கவில்லை.

இங்கே நம் ஊர்ச் சரித்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் பக்கம் வரும்போது மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நான் பிறக்குமுன் நடந்தது. என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்தவர், நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். சாஸ்திரி மேல் தவறில்லை, ஆனாலும் முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று நேரு ஏற்றுக்கொண்டார்.

இரண்டு ரயில் விபத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பொறுப்பு மேலே போய் அமைச்சரிடம் நின்றது. மற்றொன்றில் கீழே போய்த் தொழிலாளியின் குப்பியில் நின்றது. டிப்பர் மோதி உயிர் போவதை நம் சாலைகளில் பார்க்கிறோம். குடித்துவிட்டு ஓட்டுகிறவனை வண்டி ஏறவிடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதே கேட்டில் இன்னும் சில கேள்விகளும் கேட்க வேண்டும். இந்த ஓட்டுநர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார்? எத்தனை டிரிப் அடித்தார்? வண்டியில் எவ்வளவு பாரம்? தூக்கக் கலக்கத்தையும் அதிக பாரத்தையும் எந்தக் கருவியும் ஊதிக் கண்டுபிடிக்காது. அதைக் கண்டுபிடிக்க முதலாளியின் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

முடிக்குமுன் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் செந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். பையன்கள் பீடி குடிக்கிறார்கள் என்று புகார் வந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து "ஊது" என்பேன். என் மூக்குதான் கருவி. ஒரு பையனிடம் புகையிலை வாடை வந்தது. "இல்லை சார்" என்று அழுதான். நம்பவில்லை. வெயிலில் முட்டி போடவைத்தேன், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அப்பா வரவில்லை, தாத்தா வந்தார். வாயில் சுருட்டு. பையன் அவர் பக்கத்தில் அவர் போர்வைக்குள் படுக்கிறவன், வாடை சட்டையிலிருந்து வந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எல்லோர் முன்னும் தண்டித்த நான், எல்லோர் முன்னும் 'தப்பு என் மேல்' என்று சொல்லவில்லை. "சரி, போய் உட்கார்" என்றேன், அவ்வளவுதான். அந்தப் பையன் இதைப் படித்தால், இவ்வளவு தாமதமாகக் கேட்கிறேன், மன்னித்துக்கொள் தம்பி.

டிப்பர் ஓட்டும் என் மாணவனை நான்காம் நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. 'போய் வண்டியை எடு' என்றார்களாம்.

உங்களில் மேற்பார்வையாளராக, அதிகாரியாக இருப்பவர்கள் பலர். யாரையாவது சோதிக்க நேர்ந்தால் இரண்டாம் முறையும் சோதித்துப் பாருங்கள். தவறென்று தெரிந்தால், எத்தனை பேர் முன் நிறுத்தினீர்களோ அத்தனை பேர் முன் சொல்லுங்கள். ஊதுகிறவர்களே, கருவி கத்தினால் சண்டை போடாமல் "இருபது நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுங்க, இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்க" என்று கேளுங்கள். குடித்திருந்தால் மட்டும் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். அது உங்கள் ஆசிரியரின் கட்டளை.

உங்கள் வேலையிடத்தில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.