பராமரிப்பே நிபந்தனை: லினக்ஸ் கெர்னலில் கிராபிக்ஸ் டிரைவர்களை ஏற்கும் நெறி

முன்னுரை

லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு கிராபிக்ஸ் டிரைவரைச் சேர்ப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? நிறுவனங்கள் தொழில் ரகசியத்தை விட்டுத்தர மறுக்கின்றன என்பார் ஒரு சாரார். கெர்னல் பராமரிப்பாளர்களின் பிடிவாதமே காரணம் என்பார் மறுசாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஒரு டிரைவரை ஏற்பது, அதைக் காலமெல்லாம் பராமரிக்கும் பொறுப்பை ஏற்பதாகும். அப்பொறுப்புக்கு இடந்தராத நிரலை மறுப்பதே சரியான நெறி என்றும், அந்நெறியிலிருந்து பொதுப்பணத்தில் கணினி வாங்கும் தமிழ்நாட்டு அமைப்புகளுக்கு ஒரு கடமை பிறக்கிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

டிரைவரின் இரு பாதிகள்

கிராபிக்ஸ் டிரைவர் இரண்டு பாதிகளால் ஆனது. நினைவகப் பங்கீடு, திரை அமைப்பு, சிப்புக்கு அனுப்பும் வேலைகளின் வரிசை ஆகியவற்றைக் கெர்னலுக்குள் உள்ள பாதி கவனிக்கிறது. ஓபன்ஜிஎல், வல்கன் கட்டளைகளைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் பாதி கெர்னலுக்கு வெளியே, பயனர்வெளியில் இயங்குகிறது. திறமூல உலகில் இதன் பெரும்பகுதி மெசா திட்டத்தில் உள்ளது. சில நிறுவனங்கள் கெர்னல் பாதியை மட்டும் திறந்துவிட்டு, மற்றதை மூடியே வைத்துக்கொள்ள முயன்றன. அத்தகைய டிரைவர்களை ஏற்பதில்லை என்று கிராபிக்ஸ் பிரிவின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி 2010-இல் வெளிப்படையாக அறிவித்தார். இன்று அது கெர்னலின் ஆவணத்திலேயே எழுதப்பட்ட விதி.

விதியின் நுட்பம் அதன் வரிசைமுறையில் உள்ளது. புதிய இடைமுகத்தைப் பயன்படுத்தும் பயனர்வெளி நிரல் திறமூலமாக இருக்க வேண்டும். உரிய திட்டத்தார் அதை முழுமையாகப் பரிசீலித்து, சேர்ப்பதற்குத் தயார் என்று ஒப்ப வேண்டும். அதன் பிறகே கெர்னல் பகுதி சேரும். பயனர்வெளிப் பகுதி கடைசியாகச் சேரும். பயனர் நிரல்களுக்கு ஒருமுறை அளித்த இடைமுகத்தைக் கெர்னல் பின்னர் முறிக்கக் கூடாது என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். மூடிய நிரல் ஒன்று மட்டுமே பயன்படுத்தும் இடைமுகத்தில் எது தேவை, எது பிழை என்று பராமரிப்பாளர் எப்படி அறிவார்?

இன்டெல் 2008-இல் கொண்டுவந்த பவுல்ஸ்போ சிப்செட் இதற்குச் சான்று. அதன் கிராபிக்ஸ் பகுதி இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. டிரைவரின் முக்கியப் பகுதி மூடப்பட்டிருந்தது. லினக்ஸ் பதிப்புகள் மாற மாற அந்த டிரைவர் செயலிழந்தது. 2011-இல் கெர்னல் உருவாக்குநர் ஆலன் காக்ஸ் திரையை இயக்கும் அளவுக்கு ஒரு திறந்த டிரைவரைக் கெர்னலில் சேர்த்தார். முப்பரிமாண வேகம் அதில் கிட்டவில்லை.

மறுப்பிலிருந்து ஏற்புக்கு

மூலநிரல் முழுவதும் திறந்திருந்தாலும் போதாது என்பதை ஏஎம்டியின் வரலாறு காட்டுகிறது. அந்நிறுவனம் 2016-இல் முன்வைத்த திரை நிரல் பல பத்தாயிரம் வரிகள் கொண்டது. பல இயங்குதளங்களுக்கும் பொதுவாகப் பயன்படும்படி ஓர் இடையடுக்கின் மீது எழுதப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஏர்லி அதை மறுத்தார். அந்த அடுக்கை அந்நிறுவனத்தார் மட்டுமே புரிந்து திருத்த முடியும். பொதுவான வசதிகளைக் கெர்னலின் மற்ற டிரைவர்களோடு பகிரவும் அது தடையாகும். ஏஎம்டி பொறியாளர்கள் நிரலைத் திருத்தி எழுதினர். ஒரு லட்சம் வரிகளுக்கும் மேற்பட்ட அந்நிரல் 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில் இடம்பெற்றது.

ஏற்புக்குப் பின் நடப்பதை நெய்வேலியில் வாழ்பவர்க்கு விளக்குவது எளிது. இங்குள்ள சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகிறது. மேல்மண்ணை அகற்றியதோடு வேலை முடிவதில்லை. இரவு பகலாகப் பம்புகள் நீரை இறைத்தால்தான் சுரங்கத் தரை வெடிக்காமல் நிற்கும். கெர்னலும் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதன் உள் அமைப்புகள் ஓயாமல் மாறுகின்றன. மாற்றம் செய்பவரே கெர்னலுக்குள் உள்ள டிரைவர்கள் அனைத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பது வழக்கம். வெளியே நிற்கும் டிரைவரைத் திருத்த யாருக்கும் கடமையில்லை.

இந்தியரின் பங்கு

இந்நெறியின் வரலாற்றில் இந்தியப் பொறியாளர்களுக்கும் இடமுண்டு. கேமரா, கிராபிக்ஸ் சிப், திரை ஆகியவை ஒரே நினைவகப் பகுதியைப் பகிர உதவும் டிஎம்ஏ-பஃப் அமைப்பை லினாரோ நிறுவனத்தின் சுமித் செம்வால் முன்னெடுத்தார். அது 2012-இல் 3.3 பதிப்பில் சேர்ந்தது. அதே ஆண்டு, கெர்னலின் ஜிபிஎல் திறமூல உரிமம் இல்லாத டிரைவர்களும் அதைப் பயன்படுத்த வழிவிடுமாறு என்விடியா கேட்டது. ஆலன் காக்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்தனர், கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2019-இல் இன்டெல்லின் இந்தியப் பொறியாளர்கள் திரை உள்ளடக்கப் பாதுகாப்புக்கான புதிய இடைமுகத்தைக் கொண்டுவந்தபோது, வெஸ்டன் என்னும் பயனர்வெளித் திட்டம் அதற்கான நிரலை ஒப்பிய பின்னரே கெர்னல் அதை ஏற்றது.

இரு மறுப்புரைகள்

இக்கண்டிப்பால் பயனர் அல்லவா துன்புறுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017 ஆகஸ்டில் வெளியான ஏஎம்டி வேகா அட்டையை வாங்கியவர், முதன்மைக் கெர்னலைக் கொண்டு திரையை இயக்க 4.15 வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அந்த இழப்பு சில மாதங்களுக்கானது. பவுல்ஸ்போ வாங்கியவரின் இழப்பு கருவியின் ஆயுள் முழுவதற்குமானது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: ரகசியம் ஃபர்ம்வேருக்குள் நகர்ந்துவிட்டது. என்விடியா 2022 மே மாதத்தில் தன் கெர்னல் தொகுதிகளைத் திறந்தது. ஆனால் பெரும்பகுதி வேலை அட்டைக்குள் இயங்கும் மூடிய ஃபர்ம்வேரிடம் உள்ளது. கெர்னலின் விதி இதைத் தடுக்கவில்லை. ஆகவே இந்நெறி முழு விடுதலையைத் தருவதில்லை. கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையிலுள்ள எல்லையை மட்டுமே அது காக்கிறது. அந்த அளவிலும் அது இன்றியமையாதது.

முடிவுரை

இந்நெறி தமிழ்நாட்டிலும் பொருந்தும். மத்திய அரசின் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. முதன்மைக் கெர்னலில் உள்ள டிரைவர் அதற்குத் தானாக வந்து சேரும். இல்லாத டிரைவரை ஒவ்வொரு பதிப்புக்கும் தனியே ஒட்டவைக்க வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட் லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கியது. அந்த அளவில் வாங்குபவரின் நிபந்தனைக்கு உற்பத்தியாளர் செவிசாய்த்தே ஆக வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர் மாணவருக்குத் தரப்படும் கணினி ஐந்தாறு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். புதிது வாங்க அவர் வீட்டில் பணமிராது. எனவே எல்காட்டும், என்எல்சி இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தம் டெண்டரில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: கருவியின் கிராபிக்ஸ், வைஃபை, ஒலி டிரைவர்கள் நீண்டகால ஆதரவுள்ள முதன்மைக் கெர்னலில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்க வேண்டும்.