கோத்தா திங்கி தொழிலகங்களில் செயின் பிளாக்கிலிருந்து மின் ஹாய்ஸ்டுக்கு மாற்றம்

ஜொகூர் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான கோத்தா திங்கியில் பளு தூக்கும் வேலை இரண்டு இடங்களில் மிகுதி. ஒன்று, பெல்டா நிலக் குடியேற்றத் திட்டங்களையும் தோட்டங்களையும் ஒட்டிய செம்பனை ஆலைகள். மற்றொன்று, தென்கிழக்குக் கரையில் பெங்கெராங்கில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம். கையால் இழுக்கும் செயின் பிளாக்கை விட்டு மின் ஹாய்ஸ்டுக்குப் போவது இவ்விரு இடங்களிலும் ஒரே போக்கில் நடக்கவில்லை.

செயின் பிளாக்கில் இரண்டு சங்கிலிகள் உண்டு. கைச்சங்கிலியை இழுத்தால் உள்ளே பற்சக்கரங்கள் சுழன்று பளுச்சங்கிலியை ஏற்றும். கையை எடுத்தால் உள்ளிருக்கும் பிரேக் பளுவை அந்த உயரத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஒரு டன் பிளாக்கில் சுமார் 30 கிலோ இழுப்பில் 1,000 கிலோ ஏறும். ஆனால், அந்தச் சலுகைக்கு ஈடாக நிறையச் சங்கிலியை இழுத்தாக வேண்டும். உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் பளு ஒரு மீட்டர் ஏற ஏறத்தாழ 40 மீட்டர் கைச்சங்கிலி ஓட வேண்டும். மூன்று மீட்டருக்கு 120 மீட்டர். அண்ணாந்த கழுத்தோடு, கைகளை மாற்றி மாற்றி இழுப்பவரின் தோளும் முதுகும்தான் இதைச் சுமக்கின்றன. நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகமுள்ள மின் ஹாய்ஸ்ட் இதே வேலையை அரை நிமிடத்தில் முடிக்கும். அதற்கு ஒன்றரை கிலோவாட் அளவுள்ள மோட்டார் போதும்.

அடேலா, லோக் ஹெங் போன்ற இடங்களில் இயங்கும் செம்பனை ஆலைகளின் வேலை பெரும்பாலும் நீராவியில்தான் தொடங்குகிறது. பழைய முறையில் குலைகள் இரும்புக் கூண்டுகளில் ஏற்றப்பட்டு, தண்டவாளத்தில் நகர்ந்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். வெந்த கூண்டை மேலே ஓடும் கிரேன் தூக்கிக் கவிழ்க்க, பழங்கள் உதிர்க்கும் உருளைக்குப் போகும். மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலையில் மூன்று டன் கூண்டு என்றால், மூன்று நிமிடத்துக்கு ஒரு தூக்கல். விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இரவும் பகலும் இதுதான். இந்த வேகத்துக்குக் கைச்சங்கிலி எந்த நாளிலும் ஈடுகொடுத்திருக்காது. ஆலைக்கு மின்சாரமும் பெரிய தடையில்லை. பிழிந்த நாரையும் ஓட்டையும் எரித்துக் கொதிகலனை ஓட்டி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றித் தனக்கு வேண்டியதை ஆலையே பெரும்பாலும் உற்பத்தி செய்துகொள்கிறது.

ஆகவே மாற்றம் நடக்க வேண்டிய இடம் கூண்டு கிரேன் அல்ல, பழுதுபார்க்கும் வேலை. பிழியும் எந்திரத்தின் திருகுத்தண்டு தேய்ந்து மாற்றும்போதும், பம்பு மோட்டாரைக் கழற்றும்போதும், பட்டறையில் பற்சக்கரப் பெட்டியைத் திறக்கும்போதும் செயின் பிளாக்தான் வெளியே வருகிறது. எண்ணெய் வழுக்கும் இரும்பு மேடையில், வெக்கையில், ஒருவர் சங்கிலியை இழுக்க இன்னொருவர் தண்டு ஆடாமல் பிடித்து வழிகாட்டுவார். வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நடக்கும் இந்த வேலைக்கு நிலையான மோனோரெயில் உத்தரமும் மின் ஹாய்ஸ்டும் பொருத்துவது வீண்செலவு ஆகாது. எப்போதாவது, எங்கோ ஒரு மூலையில் வரும் வேலைக்குச் செயின் பிளாக்கே சரி.

மோட்டார் உழைப்பைக் குறைக்கிறது. அதோடு ஒரு எச்சரிக்கையையும் எடுத்துவிடுகிறது என்பதை ஆலைகள் முதலிலேயே உணர வேண்டும். ஒருவரால் இழுக்க முடியாத செயின் பிளாக் அளவுக்கு மீறிய பளுவில் இருக்கிறது என்பது பட்டறைப் பாடம். இரண்டாவது ஆளைச் சேர்த்து இழுப்பது தவறு. பொத்தானை அழுத்தும் விரலுக்கு அந்தக் கனம் தெரியாது. எங்கோ சிக்கிக்கொண்ட தண்டையும் மோட்டார் இழுத்துப் பார்க்கும். அதனால்தான் மிகைப்பளு தடுப்பு, கொக்கியின் மேல் எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை இன்றியமையாதவை. பழைய உத்தரத்தில் அப்படியே மாட்டுவதும் ஆபத்து. ஹாய்ஸ்டின் சொந்த எடை கூடுதல். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் அதிர்வும் உத்தரத்தின் மேல்தான் விழும். பளுவைப் பக்கவாட்டில் இழுப்பதும், பொத்தானைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதும் கையால் வேலை செய்து பழகியவரிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கங்கள். இரண்டாவது பழக்கம் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகளைக் கருக்கி, பிரேக்கைத் தேய்க்கும்.

சட்டமும் செயின் பிளாக்கையும் மின் ஹாய்ஸ்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் தூக்கு இயந்திரங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டது. ஆய்வாளர் சோதித்துத் தந்த அச்சான்று 15 மாதம் செல்லுபடியானது. கையால் இயக்கும் ஹாய்ஸ்ட் அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் வரவில்லை. 2024 ஜூன் 1 முதல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் முறை தொடர்கிறது. கிரேனின் உத்தரத்தில் எழுதப்பட்டிருக்கும் பி.எம்.ஏ. எண் இந்தப் பதிவின் அடையாளம். எண் இல்லாத செயின் பிளாக்கை யாரும் வந்து கேட்காததால் அதன் கொக்கி வாய் விரிவதும் சங்கிலிக் கண்ணி தேய்வதும் கவனிக்கப்படாமல் போகும். இது வருந்தத்தக்க விளைவு, ஏனெனில் பளுவின் கீழ் நிற்கும் ஆளுக்குச் செயின் பிளாக்கும் மின் ஹாய்ஸ்டும் ஒன்றே.

ஈரமும் இங்கே கணக்கில் வர வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு கரை புரண்டு கோத்தா திங்கி பட்டணம் இரண்டு முறை மூழ்கியது. நனைந்த செயின் பிளாக்கைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெயிட்டுச் சோதித்தால் பெரும்பாலும் மீண்டும் உழைக்கும். தாழ்வாக வைத்த மின்பெட்டிக்கு அப்படியில்லை. ஆலைக்குள்ளும் நீராவி ஓயாமல் படிவதால் நீர் புகாத உறையும் முறையான நில இணைப்பும் வேண்டும்.

பெங்கெராங்கில் கதை வேறு. நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுள்ள அந்த வளாகத்தில் எரிவாயு கசியக்கூடிய பகுதிகளில் சாதாரண மின் ஹாய்ஸ்டின் ஒரு தீப்பொறியே போதும், விபத்துக்கு. அங்கே வெடிப்புத் தடுப்பு உறையுள்ள விலையுயர்ந்த ஹாய்ஸ்டோ, அழுத்தக் காற்றில் ஓடும் ஹாய்ஸ்டோ, பழைய செயின் பிளாக்கோதான் பயன்படும். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் காலங்களில் வால்வுகளையும் குழாய் மூடிகளையும் இறக்கக் கைச்சங்கிலிகள் ஏராளமாகத் தொங்கும்.

செம்பனைத் தொழிலில் கூண்டைத் தூக்கும் வேலையையே ஒழிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர் சிவசோதி கந்தையாவும் அவரது குழுவினரும் 2005-இல் விவரித்த தொடர் வேகவைப்பு முறையில் குலைகள் கன்வேயரில் நகர்ந்துகொண்டே வேகின்றன. கூண்டு, தண்டவாளம், கூண்டு கிரேன் எதுவும் அதில் இல்லை. பிழியும் எந்திரத்தின் தண்டு மட்டும் வழக்கம்போலத் தேயும். அதை மாற்ற மேலே ஒரு ஹாய்ஸ்ட் தேவைப்படும்.