‘5 வருட சர்வைவல் ரேட் 60%’னு கூகுள் சொல்லுதா? பதறாம இப்படிப் படிங்க!

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றைக்கு ராத்திரி, வீடே தூங்கின பிறகு போனை எடுத்து புற்றுநோயின் பெயரை டைப் செய்வீங்க. ஒரு சதவிகிதம் வந்து நிற்கும். ‘அவ்வளவுதானா?’ என்று வயிற்றைக் கலக்கும். அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுப்பதற்கு முன், அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

60% என்றால்..?

அந்தப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 100 பேரில், சுமார் 60 பேர் 5 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அவ்வளவுதான். ‘5 வருடம்தான் ஆயுள்’ என்று அர்த்தமே இல்லை. அந்த 60 பேரில் முழுசாகக் குணமானவர்களும் உண்டு, சிகிச்சையில் இருப்பவர்களும் உண்டு.

`மீடியன் 8 மாதம்’ என்றால்..?

ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு, 1982-ல் 40 வயதில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. நாம் கூகுளைத் தேடுகிற மாதிரி அவர் மருத்துவ நூலகத்துக்குப் போனார். ‘மீடியன் ஆயுள் 8 மாதம்’ என்று இருந்தது. அதிர்ந்துபோனவர், பிறகு நிதானமாக யோசித்தார். பாதிப் பேர் 8 மாதத்துக்குள் இறந்தார்கள் என்றால், மீதிப் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள். அதிலும் சிலர் பல வருடங்கள் தாண்டியவர்கள். கூல்டு அதன் பிறகு 20 வருடம் வாழ்ந்து, 2002-ல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், நீங்கள் எந்தப் பாதியில் இருக்கிறீர்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

எந்த வருடத்துக் கணக்கு?

5 வருடக் கணக்கு எடுக்க, 5 வருடத்துக்கு முன்பாவது நோய் கண்டறியப்பட்டவர்கள் வேண்டும். அதனால் புது சிகிச்சைகளின் பலன் அதில் முழுசாகத் தெரியாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் இமாடினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, பழைய எண்கள் செல்லாமல் போனது இப்படித்தான்.

யாருடைய கணக்கு?

முதல் ஸ்டேஜும் நான்காவது ஸ்டேஜும், 30 வயதும் 80 வயதும் ஒரே சராசரியில் கலந்திருக்கலாம். அதனால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்க:

* என் ஸ்டேஜுக்கும் என் கட்டியின் வகைக்கும் தனிக் கணக்கு இருக்கா?
* சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா?
* இந்த சிகிச்சை எடுத்தால், எடுக்காவிட்டால் என்ன வித்தியாசம்?

‘எனக்கு நம்பரே வேண்டாம் டாக்டர், அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு. கேள்விகளை ஒரு பேப்பரில் எழுதி வைச்சுட்டு, இப்போ போனை ஓரமா வைங்க. மீதியை நாளைக்கு டாக்டரிடம் கேட்டுக்கலாம்.