மீனுக்குத் தடுப்பு மருந்து வந்த வரலாறு

அம்மை குத்திக்கொள்வது மனிதர்க்கும் ஆடுமாடுகளுக்கும் உரியது என்றே பலரும் எண்ணுவர். மீனுக்கும் அஃது உண்டென்றால் நகைப்போரும் உளர். ஆயினும் அவ்வரலாறு முக்கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

வளர்ப்புக் குளத்து டிரவுட் மீன்கள் உடலில் கட்டிகள் கண்டு மாண்டன. அந்நோயின் கிருமியை 1894இல் ஜெர்மனியின் பவேரியாவில் எம்மெரிக், வைபெல் என்னும் இருவர் கண்டெழுதினர். 1942இல் கனடாவில் டஃப் என்னும் ஆராய்ச்சியாளர், அக்கிருமியைக் குளோரோபாரத்தால் கொன்று இரையோடு கலந்து டிரவுட் மீன்களுக்கு ஊட்டினார். பல வாரங்கள் அதை உண்ட மீன்களிடம் பின்னர் உயிருள்ள கிருமியைச் செலுத்தியபோது, உண்ணாதவற்றைக் காட்டிலும் அவை குறைவாகவே மடிந்தன.

இத்துணை அரிய செய்தி முப்பதாண்டுக்கு மேல் உறங்கிற்று! சல்பா மருந்துகளும், அவற்றின்பின் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் வந்தமையே காரணம். நோய் கண்டபின் தீவனத்தில் கலந்தால் போதும் என்னும் எளிமை, முன்காப்பை மறக்கச் செய்தது. கிருமிகளோ மருந்தை எதிர்த்து நிற்கப் பழகின. 1976இல்தான் அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்து, அதுவும் வேறொரு நோய்க்கு, உரிமம் பெற்றது.

கட்டி நோய் 1985இல் ஸ்காட்லாந்துச் சால்மன் குஞ்சுகளோடு நார்வேக்குள் புகுந்தது. அதற்கும் பிற நோய்களுக்குமாக 1987இல் அந்நாட்டுப் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டின. 1990களில் எண்ணெய் கலந்த தடுப்பூசியைக் குஞ்சுகளின் வயிற்றில் குத்தத் தொடங்கினர். மீன் வளர்ப்புப் பெருகியபோதும் அப்பத்தாண்டின் இறுதிக்குள் அவ்வளவு 1 டன் அளவுக்குச் சுருங்கிற்று. வென்றது டஃப் காட்டிய தீவன வழியன்று, ஊசி வழி.

இறாலுக்கு இதுவும் எளிதன்று. மீனைப்போல் அதன் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை.