மருந்துக்கு முன்பே இருந்த நொதியம்

தடிமன் வந்தால், டொக்டரிடம் காட்டாமல், போன முறை மீதமான அன்டிபயோட்டிக் குளிசையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால்தான் இந்த வரலாறு நமக்குத் தேவை.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதை மருந்தாக்க ஒக்ஸ்போர்டில் உழைத்த ஏப்ரஹாமும் செய்னும் 1940 டிசம்பரில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள்: ஈ.கோலை பக்டீரியாவிலுள்ள ஒரு நொதியம் பெனிசிலினையே அழித்துவிடுகிறது! அதற்குப் பெனிசிலினேஸ் என்று பெயரிட்டார்கள். அந்தக் குழு கிருமித்தொற்றுள்ள ஒரு நோயாளிக்கு முதன்முதலாகப் பெனிசிலின் ஏற்றியதோ 1941 பெப்ரவரியில்தான்.

பெனிசிலின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. பக்டீரியா தன் கலச்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அதுதான். நொதியம் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து அவ்வளையத்தைத் திறந்துவிடும். பிறகு அது மருந்தல்ல.

மருந்தின் பாவனை கூடக்கூட, நொதியமுள்ள கிருமிகளே தப்பிப் பெருகின. 1948இல் லண்டன் ஹமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் ஆராய்ந்த ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு மசியவில்லை.

நொதியத்தை உண்டாக்கியது நாமல்ல. அதை வைத்திருக்கும் கிருமிக்கு வழிவிடுவது நாம்தான். அடுத்த முறை அலுமாரியைத் திறக்க முன் யோசிப்போம்.